சிறந்த பாதிக்கப்பட்டவர்

அழுத்தவாயுப் பாதுகாப்பு இயக்ககத்தின் கேன்டீனில் சோடா வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. டீ ஏன் ஆறியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். பன்னில் தடவிய வெண்ணெய் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கேன்டீனை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்திய அக்கா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கட்டடம் முழுவதுக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த அதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சோடாவுக்கும் இயக்ககத்துக்கும் உறவு வேறு வகையானது. குளிர்பானத்தில் நுரை ஏற்றுவதற்காகப் பெரிய தொட்டியில் கரியமில வாயு வைத்திருக்கும் எந்தக் கடையும் இயக்ககத்தின் சான்றிதழ் பெறவேண்டும். அந்தத் தொட்டியை எங்கே வைப்பது, எப்படிக் குழாய் இழுப்பது, எச்சரிக்கை மணியை எங்கே பொருத்துவது என்றெல்லாம் சொல்வதற்காகவே நான்கு மாடிக் கட்டடமும் அதற்குள் இவ்வளவு பேரும் இருந்தார்கள். ஒருநாள் எங்கோ ஒரு மாநாட்டில் பக்கத்து இருக்கைக்காரர் தலைமை இயக்குநரிடம், "உங்க ஆபீஸ்ல அப்படி ஒரு டேங்க் இருக்கா சார்?" என்று சும்மா கேட்டுவிட்டார். தலைமை இயக்குநர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய ஓட்டுநர் அக்காவிடம் சொன்னார். மறுவாரமே கேன்டீனில் ஒரு மாதிரி நிறுவல் அமையும் என்று முடிவாகிவிட்டது. ஊரே வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

"எனக்கு டீயே போதும்ங்க," என்றாள் அக்கா.

"உங்களுக்கு என்னம்மா செலவு? பட்டனை அமுக்கினா சோடா வரப்போகுது," என்றார் விழா அதிகாரி. இயக்ககத்தில் விழாக்களுக்கென்றே தனி அதிகாரி இருந்தார். ஆய்வுக்குப் போகும் அதிகாரி பதவி காலியாக இருந்தது.

கேன்டீனுக்குக் கீழே, தரைமட்டத்துக்கும் கீழே, ஒரு சாமான் அறை உண்டு. ஜன்னல் கிடையாது, ஒரு படிக்கட்டு, அதன் மேல்முனையில் ஒரு கதவு. சர்க்கரை மூட்டை, காகிதக் கோப்பை, உருளைக்கிழங்கு எல்லாம் அங்கேதான். அதைப் பார்த்துக்கொண்டவர் அக்காவின் மருமகன். அவர் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டதால், வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்தவர். மாப்பிள்ளையை வேலை ஏவுவது அக்காவுக்குப் பெரிய சங்கடம். "மாப்பிள்ளை, அவசரமில்ல, முடிஞ்சா, கீழ அந்தச் சக்கரை..." என்று அவள் இழுத்து முடிப்பதற்குள் மூட்டை மேலே வந்திருக்கும். வேகமான மனிதர். படியில் இரண்டு இரண்டாகத்தான் ஏறுவார்.

தொட்டிக் கம்பெனியிலிருந்து ஃபிட்டர் வந்தார். அதிகாரிகள் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். டீத் தட்டோடு போன அக்கா ஓரமாக நின்று கேட்டாள்.

"இத வெளிய முற்றத்துல வச்சிடலாம் சார். குழாய் மட்டும் உள்ள வரட்டும்," என்றார் ஃபிட்டர். "இந்த வாயு காத்தைவிடக் கனம். கசிஞ்சா மேல போகாது, தரையில தேங்கும். கீழ் அறையில வச்சா கெணத்துல தண்ணி ஏறுற மாதிரி ஏறும். கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் வராது."

"நூத்துக்கு நூறு சரி," என்றார் துணை இயக்குநர். மெலிந்த, அமைதியான மனிதர். "தொட்டிய எங்க வைக்கணும்ங்கற வழிகாட்டிய எழுதினதே நான்தான். வெளியில் வைப்பது நன்று அப்படின்னு எழுதியிருக்கேன். கவனிங்க, 'நன்று'. 'கட்டாயம்'னு எழுதல."

"ஏன் சார் எழுதல?"

"எழுதியிருந்தா நம்ம கட்டடத்துல இப்ப வைக்க முடியாம போயிருக்குமே."

முற்றத்தில் அதிகாரிகளின் கார்கள் நின்றன. ஆகவே தொட்டி கீழே போயிற்று. ஆள் உயரத்தைத் தாண்டிய வெள்ளி நிறத் தொட்டி, சர்க்கரை மூட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் மாப்பிள்ளைபோல் வந்து நின்றது. உண்மையான மாப்பிள்ளை ஒதுங்கி ஒதுங்கி நடக்கவேண்டியதாயிற்று.

அதன்பிறகு நடந்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணமில்லாமல் இயக்ககத்தில் எதுவும் நடப்பதில்லை.

தொட்டியில் அழுத்தம் கூடினால் கொஞ்சம் வாயு தானாகவே வெளியேறும். அதைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் விட ஒரு குழாய் வேண்டும். அறையின் கூரையை ஒட்டி, தரைமட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் துளை போடக் குறித்த இடத்தில், வெளிப்பக்கம், 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று ஓவியர் ஒருவர் அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். துளை சரியாக 'மூச்சு' என்ற சொல்லின் நடுவில் விழுந்தது. மூச்சில் ஓட்டை போடுவதா என்று விழா அதிகாரி பதறினார். குழாயைச் சுவருக்குள்ளேயே, அறையின் உட்புறத்தில், நிறுத்திவிட்டார்கள். பார்வைக்கு வெளியே போவது போலவே இருந்தது.

எச்சரிக்கை மணியின் உணர்கருவியை முழங்கால் உயரத்தில் பொருத்தினார் ஃபிட்டர். தரையில் தேங்குகிற வாயுவுக்கு அதுதான் இடம். ஆனால் திறப்பு விழாவில் தலைமை இயக்குநர் அதன் பொத்தானை அழுத்திக் காட்டவேண்டும்.

"அவரு குனியணுமே," என்றார் விழா அதிகாரி.

எல்லோரும் யோசித்தார்கள். இயக்ககத்தின் வரலாற்றில் ஒரு தலைமை இயக்குநர் பொதுவிடத்தில் குனிந்ததில்லை. கருவி நெஞ்சு உயரத்துக்கு ஏறியது.

மிச்சம் இருந்தது காற்றை வெளியேற்றும் விசிறி. அதன் குழாய் தலைமை இயக்குநரின் ஜன்னலுக்கு அடியில் போய் முடிந்தது. அந்த இரைச்சலில் தமக்கு யோசனை ஓடவில்லை என்றார் அவர். அதனால் விசிறியின் சுவிட்சை அவர் அறைக்கே மாற்றினார்கள்; யோசிக்காத நேரத்தில் அவரே போட்டுக்கொள்ளலாம். அலுவலகத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனபின் அறை பூட்டியிருந்தது.

ஃபிட்டர் ஒவ்வொரு முறையும், "சார், இது அப்படியில்ல," என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் துணை இயக்குநர், "உங்க கருத்து சரிதான்," என்று முடித்தார். கடைசியில் ஃபிட்டர் கருவிப்பையை மூடினார். "நான் சொல்லிட்டேன்மா," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அவரை அதன்பிறகு அந்தப் பக்கம் காணவில்லை.

திறப்பு விழாவில் தலைமை இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தியபடியே பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. கைதட்டினார்கள். பிறகு மேலே வந்து பேசினார்.

"இந்த இயக்ககத்துல இதுவரை ஒரு விபத்துகூடப் பதிவானதில்ல. இதை நான் பெருமையா சொல்றேன். விபத்துன்னு பதிவு பண்ணணும்னா மொதல்ல அது விபத்துதானான்னு ஒரு குழு சொல்லணும். அந்தக் குழுவ நாம இன்னும் அமைக்கல. ஏன் அமைக்கல? தேவை ஏற்படல. தேவை ஏற்படாம பாத்துக்கிட்டது யாரு? நீங்கதான்."

மறுபடி கைதட்டினார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு கோப்பை சோடா. குடித்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து எல்லோரும் டீக்குத் திரும்பிவிட்டார்கள்.

தொந்தரவு அங்கேதான் தொடங்கியது. சோடா விற்காததால் தொட்டியில் இருந்த வாயு செலவாகவில்லை. செலவாகாத வாயு, அழுத்தம் கூடக் கூட, நீண்ட பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தத்தோடு அவ்வப்போது வெளியேறியது. குழாய்தான் வெளியே போகவில்லையே. அந்தப் பெருமூச்செல்லாம் அறைக்குள்ளேயே தங்கியது.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, மாப்பிள்ளை மாறிவிட்டார் என்பது மட்டும். கீழே போனவர் சீக்கிரம் வருவதில்லை. ஒருநாள் எட்டிப் பார்த்தால் உருளைக்கிழங்குச் சாக்கில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் படியில் பாதியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே வாடிக்கையாளர்கள் கோப்பைக்காகக் காத்து நின்றார்கள்.

மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் மகளிடம் சொன்னாள். "உன் வீட்டுக்காரருக்கு ராத்திரி தூக்கம் சரியில்லையோ? பகல்ல கீழ போய்த் தூங்கிடறாரு."

மகள் முகம் சுருங்கியது. "அவரு தூங்கறவராம்மா? நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாரு. உன்கிட்ட சொன்னா வேலைக்குச் சாக்குன்னு நெனப்பியோன்னு சொல்லல."

"நான் ஏண்டி அப்படி நெனக்கப்போறேன்?"

"இப்ப நெனச்சுட்டுத்தானே பேசுற?"

அக்காவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. மறுநாள் காலை கோப்பை எடுக்கத் தானே கீழே இறங்கினாள். நின்றுகொண்டிருந்த வரையில் ஒன்றும் தெரியவில்லை. தரையில் கிடந்த கோப்பைக் கட்டை எடுக்கக் குனிந்தாள். மூக்குக்குள் சுரீர் என்று ஏறியது. சோடா அவசரமாகக் குடித்தால் ஏறுமே, அப்படி. நாக்கில் புளிப்புத் தட்டியது. மாடி ஏறி ஓடியவள்போல மூச்சு வாங்கியது. கோப்பையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எச்சரிக்கை மணி நெஞ்சு உயரத்தில் பச்சை விளக்கோடு சும்மா இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துணை இயக்குநரிடம் போனாள். அவர் உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்ணில் ஒரு மரியாதை வந்தது.

"நாக்குல புளிப்பு இருந்துச்சா? அருமை. அது அந்த வாயு ஈரத்துல கரையறதால வர்றது. மூச்சு வாங்கல், தலைவலி, தூக்கக் கலக்கம், எல்லாம் புத்தகத்துல இருக்கற மாதிரியே சொல்றீங்க. இன்னும் கொஞ்சம் கூடினா மயக்கம். அப்புறம் சில நிமிஷத்துல..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப கசியுதுங்களா சார்?"

"நீங்க சொல்றத வச்சுப் பாத்தா, சந்தேகமே இல்ல. ஆனா கசிவுன்னு நான் எழுதணும்னா மணி அடிச்சிருக்கணும். அடிச்சுதா?"

"அது ஒசரத்துல இருக்கே. இது கீழதானே தேங்குது."

"பாருங்க, உங்களுக்கே புரியுது," என்றார் துணை இயக்குநர் மகிழ்ச்சியோடு. "ஒண்ணு பண்ணுங்க. அளவீட்டுப் பிரிவுக்குப் போங்க. அளந்து குடுத்தா நான் எழுதறேன்."

அளவீட்டுப் பிரிவில் இருவர் கருவிப் பெட்டியோடு உடனே கிளம்பி வந்தார்கள். அக்காவுக்கு நம்பிக்கை வந்தது. கீழ் அறைக் கதவு வரை வந்து நின்றார்கள்.

"உள்ள பாதுகாப்பா இருக்கா?" என்றார் மூத்தவர்.

"அதத்தானே நீங்க பாக்கணும்?"

"பாக்கலாம்மா. ஆனா பாதுகாப்புன்னு உறுதியாகாத இடத்துல எங்க ஆளுங்க இறங்கக்கூடாது. அளந்தாத்தான் உறுதியாகும். இறங்கினாத்தான் அளக்க முடியும்." அவர் இதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

"எங்க மாப்பிள்ளை தினமும் இறங்கறாரே."

"அவரு ஒப்பந்தத்து ஆளு. அவருக்கு அந்தத் தடை கெடையாது. உங்க நல்ல நேரம்."

பெட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா மருமகனிடம், இனி கீழே போகவேண்டாம், தானே கதவருகில் நின்று எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அவர் சிரித்தார். "நீங்க எறங்குவீங்க, நான் மேல நிக்கணுமா அத்தை? நல்லாவா இருக்கும்?" அவர் எப்போதும் குரலை உயர்த்தாதவர். மூட்டைகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அடுக்கிவிடலாம், ஒரு வாரத்தில் கீழே வேலையே இருக்காது என்று அவரே வழி சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு மூட்டையோடு ஏறுவார். இரண்டு இரண்டு படியாக ஏறிய கால் இப்போது ஒவ்வொன்றாகத்தான் ஏறியது.

மூட்டைகள் தீருவதற்குள் பாதுகாப்பு வாரம் வந்துவிட்டது. அந்த வாரத்தின் நடு நாளில் மாபெரும் ஒத்திகை. கேன்டீனின் கீழ் அறையில் வாயு கசிவதாகவும், ஒருவர் மயங்கி விழுவதாகவும், அவரைக் காப்பாற்றுவதாகவும் நாடகம். மயங்கி விழக் கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவரை நியமித்திருந்தார்கள். அவருக்கு ஜலதோஷம் என்று அன்று விடுப்பு. விழா அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு ஆள் தேடினார். முற்றத்தில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. கார்களை எல்லாம் அன்றைக்குத் தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நகர்த்தக்கூடிய கார்கள்தான் அவை.

வந்தவர்களுக்குக் கொடுக்கக் கோப்பை போதவில்லை. மாப்பிள்ளை சொல்லாமலே கீழே இறங்கினார்.

அக்கா பந்தலில் தட்டு நீட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நீளமாக, விடாமல்.

"யாருய்யா இப்பவே அடிச்சது?" என்று விழா அதிகாரி சீறினார். "தலைமை இயக்குநர் இன்னும் உக்காரவே இல்லையே. நிறுத்துங்க."

யாரோ ஓடிப்போய் மணியின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தலைமை இயக்குநர் வந்து உட்கார்ந்தார். அதற்குள் அக்கா தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேன்டீனுக்கு ஓடியிருந்தாள். அந்தக் கருவி நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதுவரை வாயு ஏறிவிட்டது என்றால் கீழே என்ன இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை படிக்கட்டில் கிடந்தார். ஏற முயன்றிருக்கிறார். மேல்படிகளை நோக்கிக் கைகள் நீண்டிருந்தன. இடுப்புக்குக் கீழே இன்னும் அறைக்குள்ளேயே. கோப்பைக் கட்டு ஒன்று உருண்டு தரையில் கிடந்தது. அக்கா வாசற்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது. துணை இயக்குநர்.

"எறங்காதீங்கம்மா," என்றார், தாழ்ந்த குரலில். "விழுந்தவரத் தூக்கப் போறவங்கதான் ரெண்டாவதா விழுவாங்க. மொதல்ல விசிறியப் போடணும். கதவெல்லாம் தெறக்கணும். நிஜமாவே கசிவு."

"அப்ப சொல்லுங்க சார். எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அவசரநிலைன்னு அறிவிக்கற அதிகாரம் தலைமை இயக்குநருக்குத்தான் இருக்கு," என்றார். "அவரு ஒத்திகையில உக்காந்திருக்காரு."

இதற்குள் ஒத்திகைக் குழு வந்துவிட்டது. கையில் பட்டை கட்டிய எழுத்தர்கள், தூக்குப் படுக்கை, பின்னால் விருந்தினர்கள். கதவருகில் கூட்டம் அடைத்துக்கொண்டது. படிக்கட்டில் கிடந்த மனிதரைப் பார்த்ததும் விழா அதிகாரிக்குப் போன உயிர் வந்தது. கணக்குப் பிரிவு எழுத்தருக்குப் பதிலாக யாரோ ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் எவ்வளவு இயல்பாகக் கிடக்கிறார்.

"இது நெஜம்," என்றாள் அக்கா. "இது எங்க மாப்பிள்ளை. இது நெஜம்."

"நல்லா பண்றீங்கம்மா," என்றார் விழா அதிகாரி. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, கேமரா இங்க இருக்கு."

கூட்டம் கைதட்டியது.

கைதட்டாமல் நின்றவர் தலைமை இயக்குநரின் ஓட்டுநர் ஒருவர்தான். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்கவேண்டியதில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். "விசிறி சுவிட்ச்," என்றாள் அவள். அவர் மாடிக்கு ஓடினார். அக்கா கேன்டீனின் இரும்பு ஷட்டரை இழுத்து இறக்கும் கொக்கிக் கம்பியை எடுத்தாள். வாசற்படியில் மண்டியிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கம்பியை நீட்டினாள். முதலில் சட்டையில் மாட்டிக் கிழிந்தது. எழுந்து வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்தாள். இரண்டாம் முறை இடுப்பு வாரில் மாட்டியது. இழுத்தாள். ஒரு படி. துணை இயக்குநர் பின்னாலிருந்து அவள் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளாவது விழக்கூடாது என்று. அதற்கு அதிகாரம் தேவைப்படவில்லைபோலும். எங்கோ மேலே விசிறி உறுமத் தொடங்கியது. ஓட்டுநர் திரும்ப ஓடிவந்து கம்பியில் கை போட்டார். மாப்பிள்ளை படிகளில் இடித்து இடித்து மேலே வந்தார். உதடு நீலமாக இருந்தது.

கைதட்டல் பலமானது. ஒத்திகைக் குழு திட்டப்படி அவரைத் தூக்குப் படுக்கையில் கிடத்தி முதலுதவிக் கூடாரத்துக்கு விரைந்தது. திட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இடது கால் முறிவு என்று இருந்ததால் அங்கே காலுக்குக் கட்டுப் போட ஆரம்பித்தார்கள். ஓட்டுநர் கட்டோடு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல், தலைமை இயக்குநரின் காரில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. நினைவு வர நாளாயிற்று. வந்தபோது பேச்சு மெதுவாக வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அவர் எதையோ தேடினார். கை நடுங்கியது. "போகப் போகச் சரியாகலாம்," என்றார் டாக்டர். எவ்வளவு என்று கேட்டபோது, "அதைச் சொல்ல முடியாதும்மா," என்றார்.

விழா அதிகாரி பழக்கூடையோடு வந்தார். கட்டிலருகில் உட்கார்ந்து, விஷயத்தை மெல்ல எடுத்தார்.

"விபத்துன்னு வச்சுக்கிட்டா, அக்கா, விசாரணை வரும். ஒப்பந்தத்து ஆளு ஏன் கீழ போனாரு, தலைமை இயக்குநர் அறைக்குள்ள யாரு நுழைஞ்சது, அந்த டிரைவர் கார ஏன் எடுத்தாரு, எல்லாம் வரும். டிரைவருக்கு வேலையே போயிடும். ஒத்திகைன்னு வச்சுக்கிட்டா ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க ஒத்திகைச் செலவுல வந்துடும். இன்னொரு நல்ல சேதி. மாப்பிள்ளைக்குக் கேடயம் குடுக்கறோம். சிறந்த பாதிக்கப்பட்டவர்."

அக்கா மருமகனைப் பார்த்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநரை நினைத்தாள்.

"ஒத்திகைன்னே வச்சுக்கங்க," என்றாள்.

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து அவள் அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அக்காவும் சமாதானம் சொல்லப் போகவில்லை. என்னவென்று சொல்வது.

நிறைவு விழா இயக்ககத்தின் பெரிய அரங்கில் நடந்தது. தலைமை இயக்குநர் பேசினார். "மணி அடிச்சதுல இருந்து மீட்பு வரைக்கும் ஒருத்தரும் பதறல. அவ்வளவு பேர் நின்னு பாத்தாங்க, ஒருத்தர் முகத்துலகூடக் கவலை இல்ல. இது சாதாரணப் பயிற்சியில வர்றதில்ல. பல வருஷம் இந்தக் கட்டடத்துல வேலை பாத்தாத்தான் வரும்." துணை இயக்குநர் முன்வரிசையில் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்தார்கள். மகள் படிவரை பிடித்துக்கொண்டு போனாள். கேடயம் கனமாக இருந்தது. நடுங்குகிற கையிலிருந்து நழுவாமல் இருக்க விழா அதிகாரி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார். படம் எடுத்து முடித்ததும் தலைமை இயக்குநர் ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்பினார்.

"அந்த அனுபவத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. விழா அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

மாப்பிள்ளை ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சொல்லைத் தேடினார்.

"நான் படியில கெடந்தப்ப," என்றார். நிறுத்தினார். "கண்ணு தெரியல. கை அசையல." மறுபடி தேடினார். "நீங்க கைதட்டினது கேட்டுச்சு. இங்க இவ்வளவு பேர் இருக்காங்க, எப்படியும் எடுத்துடுவாங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். சொன்னதில் கோபம் இல்லை; நன்றி சொல்வதுபோலத்தான் இருந்தது. பின்வரிசையில் யாரோ இருமியது தெளிவாகக் கேட்டது. தலைமை இயக்குநர் ஒருமுறை கண் சிமிட்டினார். பிறகு ஒலிபெருக்கியின் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தீங்களா," என்றார். "இன்னமும் பாத்திரத்த விட்டு வெளிய வரல."

முதலில் முன்வரிசை, பிறகு எல்லாரும். கூரை அதிரும்படி கைதட்டினார்கள்.

மகள் மேடை ஏறினாள். கேடயத்தை அவர் கையிலிருந்து வாங்கி விழா அதிகாரியின் கையில் முழுவதுமாகக் கொடுத்துவிட்டு, கணவனின் தோளைப் பிடித்து இறக்கினாள். அக்கா இருக்கையிலிருந்து எழுந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். மகள் கையை விலக்கவில்லை. துணை இயக்குநர் தலை நிமிரவே இல்லை. மூவரும் நடுவழியில் மெதுவாக நடந்தார்கள். இருபுறமும் அதிகாரிகள் அவர்களுக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்கலங்கக்கூடச் செய்தார்கள்.

வெளியே வெயில். பஸ் நிறுத்தம் வரை வந்தபிறகு மாப்பிள்ளை நின்றார். கட்டடத்துக்குள் இன்னும் சத்தம் ஓயவில்லை.

"அத்தை," என்றார். "நான் எதாவது... தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல மாப்பிள்ளை. சரியாத்தான் சொன்னீங்க."

"அப்ப ஏன்..." அடுத்த சொல்லை வெகுநேரம் தேடினார். கிடைக்கவில்லை. அக்காவும் மகளும் அவசரப்படுத்தாமல், அவர் இருபுறமும், பஸ்ஸைப் போகவிட்டுக் காத்து நின்றார்கள்.